உருவ ஒற்றுமையின்மைச் சான்றிதழ்

பொது இடங்களில் வைக்கப்படும் சிற்பங்கள், வேற்றுக்கிரக ஜந்துக்கள் வரும் திகில் படங்களை எவ்வகையிலும் நினைவூட்டலாகாது என்று கலைத்துறை ஆணை பிறப்பித்தது. நூலக வாசலில் புதிதாக வைத்த சிற்பத்தைப் பார்த்து ஒருவர் அலறிப் படியில் உருண்டுவிட்டார். உருண்டவர் துணை இயக்குநரின் மைத்துனர். வேறு காரணம் தேவைப்படவில்லை.

சான்றிதழ் வழங்கும் பொறுப்பு மூன்றாம் பிரிவு எழுத்தர் தலையில் விழுந்தது. கரப்பான்பூச்சியைக் கண்டாலே மேசைமேல் ஏறுகிற மனிதர். அலுவலக நேரத்தில் நாற்பத்தோரு திகில் படங்கள் பார்த்தார். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டதால், விட்டுப்போனதை வீட்டில் மனைவி போட்டுக் காட்டினார்.

"நெஞ்சைப் பொளந்துட்டு வருதே, அதுதாங்க குட்டி. கண்ணைத் திறந்து எழுதுங்க!"

இவ்வாறாகப் பத்து மதிப்பெண் அட்டவணை ஒன்று உருவானது. கொழகொழப்பு, கண்ணின்மை, விலா எலும்பு வெளித்தெரிதல், தேவைக்கு மிஞ்சிய கைகால் இத்யாதி. ஐந்தைத் தாண்டினால் உடைப்பு.

முதலில் வந்தவர் ஒரு பெண் சிற்பி. மருத்துவமனைத் தோட்டத்துக்காக இரண்டு வருஷம் உழைத்துச் செய்த கறுப்பு உருவம். பெயர் 'ஓய்வு'.

"கண் எங்கம்மா?"

"தூங்குறா சார்."

"ஈரமா மினுக்குதே?"

"வார்னிஷ் சார்."

"படத்துலயும் அது மொதல்ல தூங்கிக்கிட்டுத்தாம்மா இருக்கும்."

உண்மையில் எழுத்தருக்கு அதைப் பார்த்துப் பயமே வரவில்லை. பக்கத்தில் கொஞ்சநேரம் உட்காரலாம் போலிருந்தது. ஆனால் கூட்டினால் ஆறு வந்தது.

சிற்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "எதை வெச்சு ஆறு? இங்கேயே நிக்குதே ஒண்ணு, அதை அளங்க பார்ப்போம்!"

அலுவலக முற்றத்தில் நின்றது கலைத்துறை இயக்குநரின் வெண்கலச் சிலை. எழுத்தர் நேர்மையானவர், அளந்தார். கருவிழி இல்லை. நீண்ட வழுக்கைத் தலை. நெஞ்சுக்குக் கீழே உடம்பே இல்லை, இருந்தும் சிரிப்பு. மொத்தம் ஒன்பது.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். "ஒன்பதா?"

"பத்துக்கு ஒன்பதுங்க சார்."

"வேற யாராவது இவ்வளவு வாங்கியிருக்காங்களா?"

"நீங்கதாங்க சார் முதல்."

"அப்புறம் என்னய்யா? பாஸ்னு எழுது!"

மறுநாள் திருத்த ஆணை வந்தது. ஏழும் அதற்கு மேலும் பெற்றவை உயர்கலை, மற்றவை உடைப்பு.

எழுத்தர் சிற்பியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒரே ஒரு கை ஒட்டிருங்கம்மா. ஏழாயிரும்."

"தூங்குறவளுக்கு எதுக்கு சார் மூணாவது கை?"

"தலைக்கு வெச்சுக்கட்டும்."

இரண்டு வருஷ உழைப்பாயிற்றே, சிற்பி ஒட்டினார்.

பிறகு ஊரெங்கும் கைகள் முளைத்தன. கொழகொழப்புக்குத் தனிப் பயிற்சி வகுப்பே நடந்தது. ஒரு காலைப்பொழுதில் அறுநூறு கையெழுத்துகளோடு மனு ஒன்று எழுத்தர் மேசைக்கு வந்தது: "பக்கத்துத் தெருச் சிற்பத்துக்கு எட்டுக் கை, எங்கள் தெரு மருத்துவமனையின் 'ஓய்வு'க்கு மூன்றே கை. எங்கள் தெருவில் குழந்தைகள் அழாமல் தூங்குகின்றன. இந்த அவலம் இனியும் தொடரலாகாது."

எழுத்தர் மனுவை முழுக்கப் படித்தார். அவரும் அதே தெருக்காரர்தான். கீழே தாமும் ஒரு கையெழுத்துப் போட்டு, மேலே 'அவசரம்' என்று முத்திரை குத்தினார்.