நாற்பத்தொரு மரங்களுக்கான ஆட்சேபனை

கடற்கரை ஒழுங்கை, முதலாவது வீடு
வியாழக்கிழமை

மச்சான் ஜவுபருக்கும் தங்கச்சி சல்மாவுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரிகள் இடப்பக்கம் நிமிர்ந்து நின்று வலப்பக்கம் சரிகின்றன. நாற்பது வருடம் கரைவலைக் கயிறு இழுத்த விரல்கள் பேனாவையும் அப்படியே இழுக்கின்றன. ஆனாலும் மச்சான், எழுபத்திரண்டு வயதில் நான் என் கையால் எழுதும் இரண்டாவது கடிதம் இது. அக்குறணை மலைக்குளிர் உங்கள் முழங்காலைச் சும்மா விட்டிருக்கும் என்று நம்புகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். மரங்கள் போய்விட்டன. இதைத் தொலைபேசியில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். உங்கள் குரல் கேட்டதும் மீன் விலையைக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன்.

நம் ஒழுங்கை வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மணல்மேட்டில் கொழும்பு முதலாளி ஒருவர் விடுதி கட்ட அனுமதி கேட்டிருந்தார். அவருடைய வரைபடத்தில் அது வெறும் நிலம். மேடும் இல்லை, புன்னையும் இல்லை, தாழையும் இல்லை. அயலவர்கள் ஆட்சேபனை தெரிவிக்கலாம், காக்க வேண்டிய மரங்களைக் காரணத்தோடு குறிப்பிட வேண்டும், இருபத்தொரு நாள் தவணை என்று பிரதேச சபைக் கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தது. முதலாவது வீடு என்பதால் என் கையில் தந்தார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நின்று நானே வாசித்தேன். மச்சான், ஒருவரும் இருமக்கூட இல்லை.

ஒழுங்கை முழுவதற்கும் ஒரே கடிதம், கீழே எல்லாருடைய கையொப்பமும் என்று முடிவானது. நூலகத்தில் எங்கள் ஆறு கிழவர்களுக்கும் எழுத்துச் சொல்லித் தரும் றுஸ்தா டீச்சர், தன் போனில் பத்து நிமிடத்தில் அடித்துத் தருவதாகச் சொன்னார். நான் விடவில்லை. வயதுக்கு மரியாதை கொடுத்து எல்லாரும் தலையாட்டினார்கள். அங்கேதான் பிழை நடந்தது. கல்முனையில் நல்ல தாளாக வாங்கினேன். மரங்களை எண்ணினேன், நாற்பத்தொன்று. செயலாளருக்கு ஸலாம் சொல்லி முடிக்கவே இரண்டு நாள் போயிற்று. முதலாவது மரம் நம் புன்னை. சுனாமியன்று நீங்கள் மேல்கிளையிலும் நான் கீழ்க்கிளையிலும் தொங்கியதை, என் மனைவியின் கை என் கையிலிருந்து வழுவியதை, ஐந்து பக்கம் எழுதினேன். மிக அழகாக வந்த பக்கத்தில் மை கொட்டிவிட்டது, திரும்பவும் எழுதினேன். பக்கத்து வீட்டுப் பளீல் தினமும் வேலிக்கு மேலால் எட்டி, எந்த மரத்தில் நிற்கிறேன் என்று கேட்பான். ஒன்பதாவது என்றேன். கொஞ்சம் கெதியாக ஏறச் சொன்னான். பதினேழாவது மரத்தில் தவணை முடிந்தது. அடித்தலும் திருத்தலுமாகக் கொடுக்க மனம் வராமல், எழுதிய மட்டிலும் திருத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டு இருபத்துநாலாம் நாள் போனேன். கந்தோர் வேலை என்றைக்குச் சொன்ன நாளில் நடந்தது என்று நினைத்தேன். இந்தத் தடவை மட்டும் நடந்துவிட்டது.

அங்கே ஜீவராஜ் என்று ஒரு உத்தியோகத்தர், தம்பிலுவில் ஆள், நின்றபடி வாசிக்கத் தொடங்கி மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கடைசி வரை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சொந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுச் சொன்னார்.

"காக்கா, இந்தப் புன்னையைப் பத்தின ஒரு பக்கம் மட்டும் மூண்டு நாளைக்கு முன்னம் வந்திருந்தா நாங்க நேர வந்து பாத்திருப்பம். ஒருத்தரும் ஆட்சேபிக்கல்ல எண்டு முந்தநாள் அனுமதி குடுத்தாச்சு."

கிடைத்தது என்று சீல் குத்திப் பிரதி ஒன்றை என்னிடம் தந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மச்சான், அந்தச் சீலைப் பார்த்துப் பார்த்து வீடு வரைக்கும் சந்தோஷமாகவே வந்தேன்.

திங்கட்கிழமை மிஷின் வந்தது. மேட்டை வழித்து மட்டமாக்க ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. நம் புன்னை மட்டும் நேரம் எடுத்தது. அதன் வேரை நீங்கள் அறிவீர்கள். இப்போது மேசையில் உட்கார்ந்தபடியே கடல் தெரிகிறது. எழுத நல்ல வெளிச்சம், ஆனால் உப்புக்காற்றில் தாள் ஈரமாகி எழுத்துப் பரவுகிறது. மாரிமழை முடியும் வரை பளீலின் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிந்தவூரில் தாய் வீட்டுக்குப் படுக்கப் போகிறாள். ஒழுங்கையில் ஒருவரும் என்னை ஏசவில்லை. பளீல் மட்டும் நேற்று வேலிக்கு மேலால் ஒரு வார்த்தை சொன்னான்.

"ஒங்கட கடுதாசி நல்லாயிருந்திச்சாம் மாமா. கந்தோரில சொன்னாங்க."

பதினெட்டிலிருந்து நாற்பத்தொன்று வரை இன்னும் எழுதாமல் கிடக்கின்றன. கேட்க வேறு ஆளில்லை. வாற கிழமை பதினெட்டாவதை, நீங்கள் வலை காயப்போட்ட அந்த வளைந்த பூவரசை, உங்களுக்கு எழுதுகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ. மலையை விட்டு இறங்க வேண்டாம்.

உங்கள் மச்சான்
அப்துல் ஸமட்

பி.கு: நீங்களும் பார்க்கட்டும் என்று அந்த அறிவித்தலையும் உறைக்குள் வைக்க எடுத்தேன். பின்பக்கத்திலும் இரண்டு வரி இருக்கிறது. அன்றைக்கு முன்பக்கத்தோடு களைத்துப்போனேன். பிறகு தாளை ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. இப்போது மூன்று தரம் வாசித்துவிட்டேன். எழுத இயலாதவர்கள் கந்தோருக்கு வந்து வாயால் சொன்னாலே போதுமாம், அவர்களே எழுதிக்கொள்வார்களாம்.