ஹவுளில் அலை அளந்த கதை

பௌதிகவியல் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் கலியாணம் வைக்கக் கூடாது. நான் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உயர்தரம் படித்த காலம். தண்ணீரில் அலையின் வேகத்தை அளந்து வரும்படி பாடம் எடுத்த சேர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்து அலைத்தொட்டியின் கண்ணாடி வெடித்துக் கிடந்தது. கடல் பக்கத்தில்தான், ஆனால் அது ஒரு நிமிடம் சும்மா இருக்காதே! மருதமுனையில் எனக்குத் தெரிந்து அசையாத தண்ணீர் எங்கள் பள்ளிவாசல் ஹவுளில்தான் (தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவி வுழூச் செய்கிற தொட்டி) இருந்தது. நல்ல நீளம், ஒரே ஆழம், அடியிலும் சுற்றிவரவும் நீல டைல்ஸ். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அதே பள்ளிவாசலில் என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், நிக்காஹ். (அஸருக்கு இன்னும் நேரம் கிடக்கே!)

பலகைத் துண்டால் தட்டினேன். அலை போனது, கண்ணுக்குப் பிடிபடவில்லை. நிறம் போட்டால் தெரியும் என்று என் மூளை சொன்னது. வாப்பாவின் கைத்தறிச் சாயத்தில் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொஞ்சம் கொட்டினேன். தண்ணீர் மாறவில்லை. இன்னும் கொட்டினேன். பொட்டலம் முடிந்தும் தண்ணீர் முன்பு போலவே நீலமாக இருந்தது. சாயம் பழசாக்கும் என்று வாப்பாவைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். சாயமும் நீலம் என்பது என் தலைக்கு எட்டவே இல்லை.

அஸருக்கு முதலில் வந்து ஹவுளடியில் குந்தியவர் மாப்பிள்ளை. கலியாணப் பதற்றத்தில் மனிசன் எதையும் கவனிக்கவில்லை. எழும்பியபோது முகம் நீலம், முழங்கை வரை நீலம், கால் நீலம். மௌலவி தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தார்.

"நிறம் மாறின தண்ணி. இதால வுழூ கூடாது."

மாப்பிள்ளையின் வாப்பா கொதித்துப்போனார். "வேணுமெண்டே செஞ்ச வேல இது! எழும்பு மகன், போவம்!"

என் வாப்பா தண்ணீரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். (அவருடைய சாயம் அவருக்குத் தெரியாதா?) மருதோன்றிக் கையோடு வீட்டில் காத்திருக்கிற ராத்தாவை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தான்... அலை அளந்தன்" என்றேன். ஒருவருக்கும் விளங்கவில்லை.

மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார். "சின்னப் பொடியன் வாப்பா. கழுவினாப் போயிரும். நிக்காஹை முடிப்பம்."

பைப்படியில் வுழூ எடுத்து, அந்த நீல முகத்தோடேயே உட்கார்ந்து ராத்தாவைக் கலியாணம் முடித்தார். கழுவினால் போகவில்லை. ஒரு கிழமையாக வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அவரை நன்றாகப் பார்த்துவிட்டு மறுகாதான் ஸலாம் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் இத்தனை வருடமாக அவருக்கும் எனக்கும் ஒரே கிணற்றடி. ஒவ்வொரு நாளும் விடிய ஸுபஹுத் தொழுகைக்கு வாளியைத் தொட முதல் என்னைத் திரும்பிப் பார்த்து, சிரிக்காமல் கேட்பார்: "மச்சான், அளந்து முடிஞ்சுதா?"