ஐந்தாவது வௌவால்

மாமியார் வீட்டில் நல்ல பெயர் வாங்க நினைக்கிறவள் பரிசு கொடுக்கலாம், பாத்திரம் கழுவலாம், விளக்கம் மட்டும் சொல்லக் கூடாது. இந்த ஞானம் எனக்கு மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்டில், கணவரின் சகோதரியான மச்சாளின் புதுவீட்டுக் குடிபூரலன்று, ஊரே கூடியிருந்த ஹோலில் பிறந்தது.

நான் மட்டக்களப்பு. கணவர் வீட்டார் யாழ்ப்பாணம். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று ஒரு பழங்கதை உண்டு. அதுவும் எங்களோடு விமானம் ஏறி மொன்ட்ரியாலுக்கு வந்துவிட்டது. (இந்தக் குளிரில்கூடச் சாகவில்லை.) நான் தேத்தண்ணி கொடுத்தால் மாமி கோப்பைக்குள் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அந்தப் பார்வையை ஒழித்துக்கட்டத்தான் அந்தப் பரிசை வாங்கினேன்.

சைனா டவுனில், ஒரு பழைய சாமான் கடையில் கண்டெடுத்த மரப்பலகை. பின்னாலுள்ள சுவர் தெரியும்படி ஊடறுத்துச் செதுக்கியிருந்தார்கள். நடுவே இலையோடு ஒரு கொழுத்த மாம்பழம். சுற்றிவர ஐந்து வண்ணத்துப்பூச்சிகள், சிறகெல்லாம் முகில் மாதிரிச் சுருண்டு. கடைக்காரர் ஏதோ விளக்க வந்தார். மாம்பழத்தைப் பற்றி எனக்கா விளக்கம்? "மெர்சி, மெர்சி" என்று அவர் வாயை அடைத்துவிட்டு, மெட்ரோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

என் பரிசு எதையும் பேஸ்மென்டைத் தாண்டவிடாத மச்சாள், அதை ஹோல் வாசலுக்கு மேலே கொழுவினார். ஐயர் சந்தனம் வேறு வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்களையெல்லாம் பிடித்துவைத்து, "மாம்பழம் எண்டால் மங்களம், வண்ணாத்திப்பூச்சி எண்டால் சந்தோசம்" என்று (நானே கண்டுபிடித்த) சீனத் தத்துவத்தை அவிழ்த்துவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி தோடம்பழக் கூடையோடு வந்தார். பலகையைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எவ்வளவு அழகான வௌவால்கள்!" என்றார் ஆங்கிலத்தில்.

தலைகள் எல்லாம் வாசல் பக்கம் திரும்பின. பாழடைந்த வீட்டில் தொங்குவது, புது வீட்டு வாசலில்! "அவள் மட்டக்களப்பாள் எல்லே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மச்சாள் சமாளித்தார். பெண்மணி சொல்லச் சொல்லத் தமிழில் எடுத்துச் சொன்னார். சீனருக்கு வௌவால் நல்ல சகுனமாம். உள்ளபடி செதுக்கினால் பார்க்கச் சகிக்காது என்றுதான் சிறகை முகிலாகச் சுருட்டுவார்களாம். நடுவிலிருப்பது பீச் பழமாம். ஐந்து வௌவாலுக்கு ஐந்து பாக்கியமாம்.

"முதலாவது தீர்க்காயுசாம்," என்றார் மச்சாள். "ரெண்டாவது செல்வம். மூண்டாவது சுகம். நாலாவது நல்ல குணம்."

சனம் மூச்சு விட்டது. மாமிகூடத் தலையாட்டினார். பெண்மணி ஐந்தாவதையும் சிரித்த முகத்தோடு சொன்னார். மச்சாள் வாயை மூடிக்கொண்டார்.

"அஞ்சாவது என்ன பிள்ளை?" மாமி கேட்டார். "ஆராவது சொல்லுங்கோவன்!"

எல்லாரும் ஏன் முழிக்கிறார்கள்? எனக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே! (சனியன் நாக்கில் குந்தியிருந்தது.)

"நல்ல சாவு, மாமி," என்றேன். "நோய் நொடி இல்லாம, நித்திரையிலேயே."

அன்று பாயாசம் யாருக்கும் இறங்கவில்லை. குப்பைப் பையில் சுற்றிய பலகை எங்கள் காரில் ஏறியது. சூனியக்காரி என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தேத்தண்ணி ஊற்றும் வேலைகூடத் தரவில்லை, அவ்வளவுதான். அழுகையும் ஆத்திரமுமாக அதை எங்கள் மொன்ட்ரியால்-நோர் பிளாட்டில், ஈரம் ஊறிய சுவரை மறைக்கக் கொழுவினேன்.

சில வருடம் கழித்து மாமி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மச்சாள் வீட்டில் அறைகள் தாராளம், பார்க்கத்தான் ஆளில்லை. புருசன் பெண்சாதி இருவருக்கும் வேலையாம். (விமான நிலையத்தில் நான் சாப்பாட்டுத் தட்டு அடுக்கப் போவது வேலையில்லை போலும்.) நான் இரவு ஷிப்டுக்கு மாறினேன். மாமி வௌவாலுக்குக் கீழே வந்து படுத்தார். தேத்தண்ணியை உற்றுப் பார்க்காமலே குடித்தார். பலகையைக் கழட்டவா என்று கேட்டேன்.

"விடு பிள்ளை, அது தன்ர பாட்டில கிடக்கட்டும்," என்றார்.

ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழும்பவில்லை.

ஐந்தில் ஒன்றாவது பலித்ததே என்று செத்தவீட்டிலேயே சிரித்தார்கள். இப்போது எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் வயதானவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "எனக்கும் ஒரு வௌவால் பாத்து வை பிள்ளை" என்கிறார்கள்.

போன கிழமை மச்சாள் போன் எடுத்தார். முழங்கால் நோவைப் பற்றி நெடுநேரம் கதைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பலகை இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு மச்சாள்," என்றேன். "பாயும் கிடக்கு. வாங்கோ."