பென்சில்காரி

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். ஆனால் தனித்தனியாக நலம். ஒரே வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நீங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும்.

விஷயம் இதுதான். பழைய புத்தகக் கடையில் நட்சத்திரங்களைப் பற்றி ஒரு நூறு வயதுப் புத்தகம் வாங்கினேன். தோல் அட்டை, பெயர் எழுதும் தாள் மட்டும் கிழிந்திருக்கிறது. ஓரமெல்லாம் யாரோ பென்சிலால் ஆசிரியரோடு சண்டை போட்டிருக்கிறார்கள். "பொய்!" "மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துட்டு எழுதுங்க!" "இதை உங்க வீட்டம்மா நம்பினாங்களா?" படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இப்படி ஒரு மூளையோடு ஒரு நாளாவது பேச வேண்டாமா? கடைக்காரரைக் குடைந்தேன். போன மாதம் அதைக் கொண்டுவந்து போட்டது ஒரு பல் டாக்டர் என்றார். அங்கே போனால் டோக்கன் இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம், வாங்கினேன், நாற்காலியில் சாய்த்தார்கள், நான் வாயைத் திறந்தது கேள்வி கேட்க, அதற்குள் அவர் ஊசியைப் போட்டுவிட்டார், கடைவாய்ப் பல் ஒன்று போயிற்று, வீங்கிய வாயோடு சைகையில்தான் விசாரித்தேன். "அதுவா சார்? கிளினிக் தொறந்தப்ப அழகுக்கு இருக்கட்டும்னு ஒரு வீட்ல அலமாரியோட வாங்கினது. கட்டிக்கொடுத்த பொண்ணோடதாம். இடத்தை அடைக்குதுன்னு அண்ணன்காரர் தள்ளிவிட்டுட்டார்" என்றார். எந்த வீடு என்பது மறந்துபோயிற்றாம். அந்த அண்ணன் என்ன ஜென்மமோ மச்சான், கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

இதை உங்கள் தங்கையிடம் சொன்னதுதான் வினையாகிவிட்டது. "எவளுக்காகவோ பல்லைப் புடுங்கிக்கிட்டு வந்திருக்கீங்க. என்கிட்ட நட்சத்திரம் பத்தி ஒரு வார்த்தை பேசியிருப்பீங்களா?" என்கிறாள். இவளிடம் என்ன பேசுவது? இவள் பென்சிலைத் தொட்டே நான் பார்த்ததில்லை. சாமான் பட்டியலைக்கூட வாயால்தான் சொல்வாள். துடைக்கிறேன் பேர்வழி என்று கிழித்துவைப்பாளோ என்ற பயத்தில் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன்.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
வாசலுக்கும் அலமாரிக்கும் நடந்துகொண்டே இருக்கும்
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையில் போட்டு ஒட்டாமல் மேசையில் வைத்திருந்த கடிதத்தை உங்கள் தங்கை படித்துவிட்டாள். மேலே 'பென்சிலைத் தொட்டே நான் பார்த்ததில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் ஓரத்தைப் பாருங்கள். "பொய்!" என்று இருக்கிறதா? அதே சாய்வு, அதே வால். சாவியைக் கொடுத்துவிட்டேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள், நடுநடுவே ஆசிரியரைத் திட்டுகிறாள். இத்தனை வருஷம் இவளோடு இருந்தும் கேட்காமல் போனேனே என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது. "அண்ணன் எதுக்கு வரணும்? நாமளே போவோம். மிச்சப் புத்தகமெல்லாம் எங்கேன்னு கேக்கணும்" என்கிறாள். எனக்கும் உங்களிடமிருந்து ஒரு பல் பாக்கி வர வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போய்விடாதீர்கள், மச்சான்.