கியாரண்டியின் சட்டைக்குள் என் அழுகை

எங்கள் தல்லாகுளம் தெருவில் சாமியை நம்பாதவர்கள் இருந்தார்கள். கியாரண்டியை நம்பாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அவர் பார்த்துச் சரி என்று சொல்லாத குக்கரில் அந்தத் தெருவில் சோறு வேகாது. வெந்தாலும் எவனும் தின்னமாட்டான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பாத்திரக் கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தனிக்கட்டை. தெருவில் யார் எது வாங்கினாலும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற கைக்கடிகாரம் ஒன்றை ரசத்தில் போட்டு ஒரு கொதி விட்டார். "தண்ணின்னா பச்சத் தண்ணி மட்டுந்தானா?" என்று கேட்டார். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் மேலே ஏறிக் குதிப்பார். உடைந்தால் விழுந்த இடத்தில் கிடந்தபடியே தீர்ப்புச் சொல்வார்: "உபயோகமில்லை."

பொய் மட்டும் வராது. சொந்தத் தங்கையின் புருஷன் கடையில் விற்ற மின்விசிறியை, கல்யாணப் பந்தியில் வைத்தே தண்டம் என்று சொன்னவர். தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். "அதுக்கு? அவ பேசுனா ஃபேன் சுத்திருமா?" என்றார்.

அப்படிப்பட்ட ஆள் என்னால் பொய் சொல்ல நேர்ந்தது.

எனக்குத் தொண்டை பெரிசு. மெதுவாகப் பேச வராது. நான் சாப்பிடும்போது உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டில் எடுத்து நீட்டுவார்கள். கோபம் வந்தால் கேட்கவே வேண்டாம், தினமும் வந்தது. மகள் பிறந்து ஐந்தாம் மாதம் மனைவி அவளைத் தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். வாசலில் நான் பால்காரரிடம் சண்டை போட்டால், உள்ளே தொட்டிலில் பிள்ளைக்கு உடம்பு தூக்கிப் போடும். வீறிட்டு அழுவாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மனைவி, தொட்டிலை மாடி அறைக்கு மாற்றிவிட்டாள்.

"நீங்க மேல வராதீங்க. இவ கொஞ்சம் தூங்கட்டும்" என்றாள்.

சத்தம் போட்டதற்காகப் பெற்ற பிள்ளையிடமிருந்து தள்ளிவைக்கப்பட்டவன் ஊரிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

மாடியில் பிள்ளை, கீழே அடுப்படி. எப்படிப் பார்த்துக்கொள்வது? சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த என் மச்சினன் ஒரு சாமான் கொண்டுவந்தான். தொட்டிலைப் பார்த்து வைக்க ஒரு கேமரா. கையில் வைத்துக்கொள்ளச் சோப்பு டப்பா அளவில் ஒரு டிவி. பிள்ளை அசைந்தால் படம் தெரியும், அழுதால் சத்தம் கேட்கும். கியாரண்டி பார்க்காமல் ஆகுமா? கூப்பிட்டோம்.

முதல் சோதனைக்கு அவரே மாடியில் கேமராவுக்கு முன்னால் மல்லாக்கப் படுத்துக் கைகாலை உதைத்து அழுதார். கீழே சிலிண்டர் போட வந்த ஆள் என் மனைவி கையிலிருந்த டிவியை எட்டிப் பார்த்தார். நரைத்த மீசை வைத்த ஒருவர் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு கதறுகிறார். "அக்கா, இது என்ன சேனல்?" என்று கேட்டார்.

அடுத்தது தூரச் சோதனை. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுத் தூங்கவைத்தாயிற்று. "எம்புட்டுத் தூரம் தெரியுதுன்னு பாத்துட்டு வாரேன்" என்று கியாரண்டி டிவியோடு தெருவில் இறங்கினார். மனைவி பின்பக்கம் துணி துவைக்கப் போனாள். நான் மாடிக்கு ஏறினேன். டிவியே வீட்டில் இல்லையே, கேமரா எதை, யாருக்குக் காட்டும் என்று நினைத்தேன். ஆன்டெனா வயரைப் பிடுங்கினால் படம் போய்விடும் காலத்தில் வளர்ந்த புத்தி.

மெதுவாகப் பேசிப் பழகலாம் என்றுதான் போனேன். தொட்டில் பக்கத்தில் குந்தி, "பாப்பா, பால் குடிச்சியா?" என்றேன். கண்டக்டர் டிக்கெட் கேட்ட மாதிரி இருந்தது. பிள்ளை நெளிந்தாள். குரலை இறக்கினேன், வெறும் காற்று வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தகப்பன் கேட்கிற மாதிரி வரவில்லை. கடைசியில் கேட்பதை விட்டுவிட்டேன்.

"அப்பாவுக்குப் பயப்படாத தாயி. எனக்கு மெதுவாப் பேச யாரும் சொல்லித் தரல. எங்க வீட்ல அடிச்சுக்கிட்டேதான் பேசுவாங்க."

சொல்லிவிட்டுத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். எருமை மாதிரி வளர்ந்தவன்.

கீழே வந்து முகம் கழுவினேன். கியாரண்டி வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். சட்டைப் பொத்தான் இரண்டைக் காணோம். டிவியை மேசையில் வைத்தார். "கோடு தாயி. வெறும் கோடுதான் தெரியுது. உபயோகமில்லை" என்று என் மனைவியிடம் சொன்னார். காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

டீக்கடைக்காரர்தான் மறுநாள் எனக்கு விஷயத்தைச் சொன்னார். "அண்ணே, கியாரண்டிக்கு என்னமோ ஆயிருச்சு. நாங்க படம் பாக்கக் கூடுனோம். டக்குனு டிவியச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டாரு. அவரு வயித்துக்குள்ளருந்து எவனோ ‘பால் குடிச்சியா, பால் குடிச்சியா’ன்னு கேக்குறான். அப்புறம் அழுகுறான். அது வெளிய கேக்கக் கூடாதுன்னு இவரு சத்தமா சாமிப் பாட்டுப் பாடிக்கிட்டே ஓடுறாரு."

மெதுவாகப் பேசியதால் அது என் குரல் என்று எவனுக்கும் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மச்சினன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிவியை டீக்கடைக்கே கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினான். பிள்ளை கொட்டாவி விடுவது பளிச்சென்று தெரிந்தது. கியாரண்டியும் அங்கேதான் இருந்தார். கோடு எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இம்புட்டு வருசமும் இப்படித்தான் சொன்னீரா என்று ஒருவர் சிரித்தார். அவர் பேச்சைக் கேட்டு மிக்சியைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு ஆத்திரம் வந்தது.

"அண்ணே பொய் சொல்றாரு. அன்னைக்கு அவரு பாத்தது..." என்று நான் ஆரம்பித்தேன்.

முடிக்கவிடவில்லை. "கோடுதான் மாப்ள. என் கண்ணுலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.

நான் கத்தியிருக்க வேண்டும். கண்டதற்கெல்லாம் கத்துகிறவன், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். எழுதும்போதே முகத்தில் சூடு ஏறுகிறது.

அதற்குப் பிறகு யாரும் அவரிடம் எதையும் கொண்டுபோகவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது அட்டைப் பெட்டியோடு போனால் நிமிர்ந்து பார்ப்பார். அவர்கள் நிற்காமல் போவார்கள்.

அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அழுததையும் சேர்த்து. அவள் மாடிக்குப் போய்ப் பிள்ளையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். நான் நேரே கியாரண்டி வீட்டுக்கு நடந்தேன்.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து, சொல்லாமல் கொள்ளாமல் தரையில் போட்டார். பிள்ளைக்குத் தூக்கிப் போட்டது. என் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். நான் மூச்சுவிடவில்லை. அவள் அழவில்லை.

"புடிமானம் நல்லாருக்கு. வச்சுக்க" என்றார் கியாரண்டி. "ஆனா அப்பப்ப கொண்டாந்து காட்டணும்."

காட்டினேன். நடக்கத் தெரிந்த பிறகு அவளே போய்க் காட்டிவிட்டு வந்தாள்.