அம்பு அண்ணனும் கல்லறையின் வடக்கு மூலையும்

கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து 'நல்லது' என்று சொன்னபோது பக்கத்தில் எங்கள் அம்பு அண்ணன் நின்றிருந்தால், ஏழாம் நாள் ஓய்வே கிடைத்திருக்காது. ரீவொர்க்தான்!

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவர் தரம் பார்ப்பவர். தோலில் கீறல், தையலில் பிசகு என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஷிப்ட் முடிந்ததும் ஸ்டிக்கரை அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டாமா? வரமாட்டார். பாலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பழைய கருங்கல் தேவாலயத்தில் அவர் அம்பு விழாத பொருளே கிடையாது. ஆடும் பெஞ்சில் ஒன்று, விரிசல் விட்ட மணியில் ஒன்று. ஒரு ஞாயிறு பாஸ்டர் பிரசங்கம் முடித்துத் திரும்புகிறார், அங்கியின் முதுகில் அம்பு!

"யார் பண்ண வேல இது?"

அண்ணன் எழுந்து நின்றார். "தையல் உட்டிருக்குது ஐயா. கண்டுக்காம உட்டா ஜாஸ்தியாய்டும்."

பெண் பார்க்கப் போனபோதும் இதே கதைதான். பெண்ணைப் பார்க்கும் முன்பே, வாசலில் கிடந்த அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்து, "சோல் பேஸ்டிங் செரியில்லியே" என்றாராம். உள்ளேயிருந்து பெண்ணின் பதில் பட்டென்று வந்தது: "உங்க கம்பெனி மால்தான்! ரிஜெக்ட்டுன்னு கம்மி வெலைக்குக் குடுத்தாங்க." அடுத்த மாதமே கல்யாணம்.

இப்பேர்ப்பட்டவரிடம் நானும் மாட்டினேன். படிப்பு முடிந்து கை துறுதுறுவென்று இருந்த சமயம், தேவாலயத்தின் ஆண்டு விழாவுக்கு வரலாற்று மலர் எழுதுகிறேன் என்று குதித்திருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் பாசியைச் சுரண்டிச் சுரண்டி ஒவ்வொரு கல்லாக வாசித்தேன். தேவாலயத்தைக் கட்டிய வெள்ளைக்காரப் பாதிரியார், அவர் மனைவி, காய்ச்சலில் போன அவர்களுடைய மூன்று குழந்தைகள். எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை, அவ்வளவு பரவசம்! வரைபடமே போட்டுவிட்டேன். கல் ஒன்றுகூட இல்லாத வடக்கு மூலையில், 'காலி இடம்' என்று அழகாக எழுதினேன்.

கமிட்டி செயலாளர் அதைப் பார்த்து என்னைவிடப் பரவசப்பட்டார். "காலியா இருக்குதா? கார் ஷெட்டு போட்டுடலாம்!" திங்கட்கிழமை ஜேசிபி வருவதாக முடிவாயிற்று.

அண்ணன் வரைபடத்தை வாங்கினார். 'காலி இடம்' மேல் நச்சென்று ஓர் அம்பு.

"இன்னாண்ணே தப்பு?"

"எங்கப்பாரு அங்கதான்பா இருக்காரு."

அவருடைய அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். கல் வைக்க வசதியில்லாமல் மரச் சிலுவை நட்டார்கள். அதைக் கரையான் தின்றுவிட்டது. அந்த மூலை முழுக்க அப்படிப்பட்டவர்கள்தானாம்.

"எந்த எடம்ணே?"

"தெரிஞ்சா நான் ஏன் பேஜாராவுறேன்? அப்ப எனக்கு நாலு வயசு."

செயலாளர் மசியவில்லை. "ரிஜிஸ்டர்ல பேரு இருக்குது, எடம் இல்லியே. ஆளுங்க படுத்திருக்காங்கன்னு காட்டு, ஷெட்டை வேற பக்கம் போட்டுக்கலாம்."

சனிக்கிழமை நல்ல மழை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அண்ணன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வடக்கு மூலையில் இறங்கினார். ஒரு கையில் விளக்குமாற்றுக் குச்சிகள். ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்பு அம்பு! தோலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதுபோல, கால் கட்டைவிரலால் மண்ணை அமுக்கிக்கொண்டே நடந்தார். சபையே வேடிக்கை பார்த்தது.

"தோல்ல வயித்துப் பக்கம் லூசா இருக்கும், முதுகுப் பக்கம் டைட்டா இருக்கும். மண்ணும் அப்பிடித்தான். ஒரு வாட்டி தோண்டுன எடம் எத்தினி வருஷமானாலும் செட்டாவாது. மழ பேஞ்சா காட்டிக்குடுத்துடும்." ஒரு குச்சியை நட்டார். ஆறடி தள்ளி அடுத்த குழிக்கு இன்னொன்று. "நீங்களே வந்து மிதிச்சிப் பாருங்க சார்."

செயலாளர் சிரித்துக்கொண்டே செருப்போடு வந்தார்.

"செருப்ப உட்டுட்டு சார்."

கழற்றினார். கெட்டித் தரையில் இரண்டு எட்டு. மூன்றாவது எட்டில் குதிகால் மெத்தென்று இறங்கியது. மறுபடி கெட்டி. மறுபடி மெத்து. வரிசையாக, ஆள் நீளத்துக்கு. அவர் சிரிப்பு நின்றது. குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கால் நுனியால் பார்த்துப் பார்த்து வெளியே வந்தார்.

"ஜேசிபிக்காரனுக்கு போன் போடுப்பா" என்றார் என்னிடம். "வர வேணாம்னு சொல்லு."

குச்சிகளை எண்ணினேன். பத்தொன்பது.

ஷெட் புளியமரத்துப் பக்கம் போனது. என் வரைபடத்தில் 'காலி இடம்' அடித்துத் திருத்தப்பட்டது. பத்தொன்பது இடத்திலும் வெள்ளையடித்த சின்னக் கற்களை நானே நட்டேன். கல்லறைத் திருநாளன்று அண்ணன் பத்தொன்பதுக்கும் மாலை போட்டு, பத்தொன்பதுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினார். அப்பா எது என்று அவருக்குத் தெரியாது. நான் பயந்துகொண்டே ஒவ்வொரு கல்லாக அம்பு தேடினேன். இல்லை.

"அண்ணே, அந்தக் கடைசிக் கல்லு நான் கோணலா நட்டுட்டேன்ணே."

"பாத்தேன். இருக்கட்டும் உடுப்பா."

எனக்கு இன்னும் வயசிருக்கிறது, அவசரமில்லை. ஆனால் அந்த மூலையில் என்னைக் கொண்டுபோய் வைக்கிற நாளில், அம்பு அண்ணன் ஒருமுறை கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து, ஒன்றும் ஒட்டாமல் அனுப்பவேண்டும். அதற்காகவாவது அவர் எனக்கு அப்புறம்தான் போகவேண்டும்.