ஒழுகிய படகும் ஒரு தீவின் வரலாறும்

என்னைத் திட்டும் உரிமையை எவருக்கும் விட்டுக்கொடுக்காத அன்பு அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம்; முழங்கால் மட்டும் ஒத்துழைக்க மறுக்கிறது. அத்தானுக்கு இருமல் நின்றதா?

வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஆற்றுத் தீவில் ஏன் தனியாகக் கிடக்கிறாய், என் வீட்டுக்கே வந்துவிடு என்று எழுதியிருந்தாய். வருகிறேன் அக்கா. நேற்று நடந்ததற்குப் பிறகு இங்கே எந்த முகத்தோடு நடமாடுவது?

இங்கே படகு கட்டுகிற பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் உளி. புதுப் படகை ஆற்றில் இறக்கும்போது தீவின் வரலாற்றை வாசிக்க வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். விசாரித்தேன். முதலில் வந்தவர் தன் கொள்ளுத்தாத்தாதான் என்றாள் அவள். இல்லவே இல்லை, என் கொள்ளுத்தாத்தா என்றார் எங்கள் தீவின் ஓடக்காரர். உண்மையில் இருவரும் ஒரே படகில் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தவர்கள். படகு ஒழுகியது. அடைத்துவிட்டுப் போகலாம் என்று இங்கே ஒதுங்கினார்கள். அடைக்க வெட்டிய மரம் காய்வதற்குள் ஒருவர் கொட்டகை போட்டுவிட்டார், கொட்டகை முடிவதற்குள் மற்றவர் அக்கரைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார், அவளுடைய அண்ணன்மார் எங்களுக்கும் ஒரு படகு கட்டிக் கொடுங்கள் என்று வந்து நின்றார்கள், ஊரும் தொழிலும் அப்படியே ஆரம்பமாகிவிட்டது.

எல்லோருக்கும் கேட்கட்டுமே என்று புதுப் படகில் ஏறி நின்று வாசித்தேன். கயிற்றைப் பிடித்திருந்தவர் ஓடக்காரர். “பலகையைச் சரியாகப் பொருத்தாதவர் ஓடக்காரரின் கொள்ளுத்தாத்தா” என்ற வரி வந்ததும், “யாரு, எங்க தாத்தாவா?” என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நானும் வரலாறும் நடு ஆற்றுக்குப் போய்விட்டோம். துடுப்புகூட இல்லை.

“பயப்படாதீங்க சார், ஒழுகாது!” என்று கரையோடு ஓடிவந்தாள் உளி.

“எனக்கு நீச்சல் தெரியாதும்மா!”

“படகுக்குத் தெரியும், நீங்க சும்மா உக்காருங்க!”

ஊரே ஓடிவந்தது. படகு நாணலில் சிக்கியதும், கழுத்தளவு தண்ணீரில் வந்து என்னை முதுகில் சுமந்து போனவர் அந்த ஓடக்காரரேதான். “தப்பு எங்க தாத்தா மேலயே இருந்துட்டுப் போகட்டும் சார். நீங்க இறுக்கிப் புடிங்க” என்றார். நான் அழுததை ஆற்றுத் தண்ணீர் என்று நினைத்திருப்பார்.

இப்போது தெருவில் என்னைப் பார்த்தாலே சிரிப்பு. மானம் போயிற்று. மாடியறையைப் பெருக்கி வை. மூட்டை கட்டியாகிவிட்டது. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள் அத்தனையும்.

இப்படிக்கு,
ஒருவழியாகக் கரையேறிய தம்பி

பி.கு.: மூட்டையைப் பிரித்துவிட்டேன். மாடியறையை வேறு யாருக்காவது கொடு. “எங்க தாத்தாவ மட்டும் ஏன் சார் விட்டுட்டீங்க?” என்று காலையிலிருந்து ஒவ்வொருவராக வருகிறார்கள். உளி என் வாசலில் பெஞ்சு அடித்துப் போட்டிருக்கிறாள். ஊர் முழுக்க அவரவர் தாத்தாவோடு வந்து உட்கார்ந்திருக்கிறது.